கணினியில் என்னென்ன இருக்கிறது? பேக்கேஜ் பட்டியலைச் சீராக்கும் வழிகள்

கட்டளை வரியில் இயங்கும் பேக்கேஜ் மேனேஜருக்கு நான்கு வேலைகள் உண்டு: மென்பொருளை நிறுவுவது, புதுப்பிப்பது, நீக்குவது, என்னென்ன நிறுவப்பட்டிருக்கிறது என்று சொல்வது. முதல் மூன்றுக்கும் பல்லாண்டு உழைப்பு செலவாகியிருக்கிறது. நான்காவது வேலை, பட்டியலிடுவது, நெடுங்காலம் ஓரமாகவே நின்றுவிட்டது. டெபியன் லினக்ஸ் அல்லது அதன் வழிவந்த இயங்குதளம் உள்ள ஒரு மேசைக்கணினியில் நிறுவப்பட்ட பேக்கேஜ்களைக் கேட்டால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகள் மடமடவென்று வந்து கொட்டும். எல்லாம் உண்மையான தகவல்தான். கேட்டவருக்கு வேண்டிய பதில் மட்டும் அதற்குள் எங்கோ புதைந்து கிடக்கும்.

திருநின்றவூர் வட்டாரத்துக்கு இந்தப் பட்டியல் சிக்கல் தொலைதூரத்துச் சங்கதி இல்லை. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று, இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில்தான் தொடங்கியது. அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், சென்னையில் உள்ள சி-டாக் நிறுவனத்தில் உருவாகி 2007-இல் வெளிவந்தது. டெபியனை அடித்தளமாகக் கொண்டது. ஆகவே அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த பல்லாயிரம் பிள்ளைகளின் வீடுகளுக்கு டெபியனின் பேக்கேஜ் மேனேஜரும் சேர்ந்தே போனது. அந்தக் கணினியில் இடம் தீர்ந்தாலோ, அண்ணன் பயன்படுத்தியது தங்கைக்குக் கைமாறினாலோ, பள்ளி ஆய்வகத்தில் பத்து கணினிகளை ஓர் ஆசிரியரே பராமரிக்க வேண்டியிருந்தாலோ, முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: இதில் என்னென்ன இருக்கிறது?

பட்டியல் எங்கிருந்து வருகிறது

டெபியன் குடும்பத்தில் அடிமட்டக் கருவி டிபிகேஜி. அதன் மேல் அமர்ந்திருப்பது ஆப்ட். நிறுவப்பட்ட ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு குறிப்பை 'ஸ்டேட்டஸ்' என்ற ஒரே உரைக் கோப்பில் டிபிகேஜி எழுதி வைக்கிறது. பெயர், பதிப்பு, எந்த வகைச் செயலிக்கானது, எதெதைச் சார்ந்திருக்கிறது, ஏறத்தாழ எவ்வளவு இடம் பிடிக்கும், ஒரு வரி விளக்கம் ஆகியவை அதில் இருக்கும். ஒவ்வொரு பேக்கேஜும் எந்தெந்தக் கோப்புகளை வட்டில் வைத்தது என்பது தனித்தனிக் கோப்புகளில் பதிவாகிறது.

ஆப்ட் இன்னொரு சிறு கோப்பை வைத்திருக்கிறது. எந்தப் பேக்கேஜ் தானாக வந்தது என்ற குறி அதில் இருக்கும். எந்த நாளில் எந்தக் கட்டளையால் எது நிறுவப்பட்டது என்பதோ பதிவேட்டுக் கோப்புகளில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பதிவேடுகள் மாதந்தோறும் சுழற்றப்படுகின்றன. வழக்கமான அமைப்பில் பன்னிரண்டு பழைய பிரதிகள் வரைதான் தங்கும். ஓராண்டுக்கு முன்பு நிறுவியதன் தேதியைக் கேட்டால் கணினியால் நேரடியாகச் சொல்ல முடியாது.

பட்டியலைச் சீராக்குவது இங்கே இரண்டாகப் பிரிகிறது. பதிவில் ஏற்கெனவே இருப்பதை ஒழுங்காகக் காட்டுவது ஒன்று. பதிவில் இல்லாததை இனிமேலாவது பதிந்து வைப்பது மற்றொன்று. முதலாவது எளிது, பலனும் உடனே கிடைக்கும். இரண்டாவதற்குக் கருவியின் உள்ளமைப்பையே தொட வேண்டும்.

இன்றைய பட்டியல் காட்டுவதும் காட்டாததும்

'டிபிகேஜி -எல்' என்ற கட்டளை ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் இரண்டு எழுத்துகளை அச்சிடுகிறது. முதல் எழுத்து, அந்தப் பேக்கேஜ் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இரண்டாவது எழுத்து, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 'ஐஐ' என்றால் இருக்க வேண்டும், இருக்கிறது. 'ஆர்சி' என்றால் நீக்கச் சொல்லியாயிற்று, நீக்கியும் ஆயிற்று, ஆனால் அமைப்புக் கோப்புகள் மட்டும் மிச்சமிருக்கின்றன. இது தெரியாதவர் 'ஆர்சி' வரிகளையும் நிறுவப்பட்ட மென்பொருளாக எண்ணிவிடுவார். குறியின் பொருள் பட்டியலின் தலையில் மூன்று வரிகளில் தரப்படுகிறது என்பது உண்மை. ஆயிரம் வரிகள் ஓடி முடித்த பிறகு அந்தத் தலைப்பகுதி திரையில் இருப்பதில்லை.

திரையின் அகலத்துக்கு ஏற்பப் பெயரையும் பதிப்பையும் வெட்டுவது இன்னொரு சிக்கல். பழைய பதிப்புகளில், வெளியீட்டை வேறொரு கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்பினால்கூட 80 எழுத்து அகலத்துக்குள் எல்லாம் நசுக்கப்பட்டது. நீளமான பெயரை உடைய நூலகம் ஒன்றைத் தேடினால், பெயரின் வால் வெட்டுப்பட்டிருக்கும். தேடல் பொய்த்துப் போகும்.

'ஆப்ட் லிஸ்ட் --இன்ஸ்டால்ட்' வேறு விதம். பெயர், எந்த வெளியீட்டிலிருந்து வந்தது, பதிப்பு, செயலி வகை, கடைசியில் சதுர அடைப்புக்குள் நிலை. தானாக வந்தது என்றால் அது அங்கே சொல்லப்படும். பேக்கேஜ்களை வழங்கும் எந்தக் களஞ்சியத்திலும் இப்போது கிடைக்காத பதிப்பு என்றால் 'லோக்கல்' என்று குறிக்கப்படும். பேக்கேஜ் எதற்கானது என்ற ஒரு வரி விளக்கம் இதில் வராது. அளவு வராது. தேதி வராது. எல்லாமே அகரவரிசையில் வரும். பெயர் முன்பே தெரிந்தவருக்குத்தான் அகரவரிசை உதவும். பெயர் தெரியாமல் பட்டியலைத் திறப்பவர்களே அதிகம்.

கேட்பவர் மனதில் உள்ள கேள்விகள்

பட்டியலைத் திறப்பவர் எல்லாப் பேக்கேஜையும் படிக்க நினைப்பதில்லை. பெரும்பாலும் ஐந்து கேள்விகளில் ஒன்றுக்கு விடை தேடுகிறார்.

முதல் கேள்வி: எதை நானே கேட்டு நிறுவினேன், எது தானாக வந்தது? கல்யாண வீட்டில் பத்திரிகை வைத்து அழைத்தவர் ஒருவர், அவரோடு கூட வந்தவர்கள் நால்வர். பந்தியில் எல்லாரும் ஒன்றாகத்தான் அமர்ந்திருப்பார்கள். ஒரு வீடியோ பிளேயரைக் கேட்டால் அதோடு பல நூலகங்கள் வருவதும் அப்படித்தான். 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' என்ற கட்டளை, கேட்டு நிறுவியவற்றை மட்டும் தரும். ஆனால் இயங்குதளத்தை முதலில் நிறுவும்போது வந்தவற்றில் பலவும் 'கேட்டு நிறுவியது' என்றே குறிக்கப்பட்டுவிடுகின்றன. எனவே இந்தப் பட்டியலும் நீளமாகிவிடுகிறது. இங்கே வேண்டியது மூன்று பிரிவுகள்: இயங்குதளத்தோடு வந்தவை, பயனர் கேட்டவை, சார்பினால் வந்தவை. ஃபெடோரா லினக்ஸின் பேக்கேஜ் மேனேஜரான டிஎன்எஃப் இந்த வழியில் சற்று முன்னே போயிருக்கிறது. பயனர் கேட்டதா, சார்பா, கட்டாயமில்லாத சார்பா, ஒரு குழுவின் பகுதியாக வந்ததா என்ற காரணத்தை அது பதிந்து வைக்கிறது.

இரண்டாவது கேள்வி: எது அதிக இடம் பிடிக்கிறது? அளவு ஏற்கெனவே டிபிகேஜியின் பதிவில் இருக்கிறது. காட்டுவதுதான் இல்லை. 'டிபிகேஜி-கொயரி' கட்டளையிடம் பெயரையும் அளவையும் மட்டும் கேட்டு, எண் வரிசையில் அடுக்கினால் பெரியவை கடைசியில் நிற்கும். டெபியன்-குடீஸ் தொகுப்பில் உள்ள 'டிபிக்ஸ்' என்ற சிறு கருவி இதையே செய்து, அதிக இடம் பிடிப்பவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும்: அந்த அளவு பேக்கேஜ் கட்டப்பட்டபோது எழுதப்பட்ட மதிப்பீடு. பயன்படுத்தும்போது சேரும் தரவு அதில் கணக்காகாது.

மூன்றாவது கேள்வி: எப்போது வந்தது? நேற்று வரை ஓடிய கணினி இன்று முரண்டு பிடித்தால், கடைசியாக நிறுவியதையே முதலில் பார்க்க வேண்டும். ஃபெடோரா குடும்பத்தின் அடிமட்டக் கருவியான ஆர்பிஎம் ஒவ்வொரு பேக்கேஜின் நிறுவல் நேரத்தையும் தன் தரவுத்தளத்திலேயே வைத்திருக்கிறது. அங்கே '--லாஸ்ட்' என்று சேர்த்தால் புதியது மேலே வரும் வகையில் பட்டியல் கிடைக்கும். டெபியன் குடும்பம் இதைப் பதிவேட்டுக்கே விட்டுவிட்டது. 'ஸ்டேட்டஸ்' கோப்பில் ஒரு தேதிப் புலம் இருந்தால் இந்தக் குறை தீரும்.

நான்காவது கேள்வி: எதற்காக இருக்கிறது, நீக்கினால் என்ன ஆகும்? 'ஆப்டிட்யூட் வொய்' என்ற கட்டளை, ஒரு பேக்கேஜ் எந்தச் சங்கிலி வழியாக வந்தது என்று விளக்கும். ஜாவாஸ்கிரிப்டின் பேக்கேஜ் மேனேஜரான என்பிஎம்மில் 'எக்ஸ்ப்ளெய்ன்' அதே வேலையைச் செய்கிறது. பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் இந்த விளக்கம் தேவையில்லை. 'இதை நம்பி மூன்று உள்ளன', 'இதை நம்பி எதுவும் இல்லை' என்ற எண்ணிக்கை மட்டும் இருந்தாலே பயனர் துணிந்து முடிவெடுப்பார்.

ஐந்தாவது கேள்வி: ஆபத்தானது ஏதாவது இருக்கிறதா? 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருப்பது வெளியானது. உலகெங்கும் கணினி நிர்வாகிகள் அன்று பட்டியலைத்தான் திறந்தார்கள். டெபியனின் நிலையான வெளியீடு பாதிக்கப்படவில்லை. சோதனைக் கிளைகள் பாதிக்கப்பட்டன. அங்கே அனுப்பப்பட்ட திருத்தத்தின் பதிப்பு எண் '5.6.1+ரியலி5.4.5-1'. பதிப்பு எண் பின்னோக்கிப் போகக் கூடாது என்பதால் முன்னால் 5.6.1 நின்றது, உள்ளே இருந்தது பழைய, பாதுகாப்பான 5.4.5. பதிப்புக்கான இடம் குறுகலாக இருந்து முதல் சில எழுத்துகளோடு வெட்டுப்பட்டிருந்தால், திருத்திய கணினியும் ஆபத்தானதாகவே தெரிந்திருக்கும். பதிப்பு எண்ணை வெட்டவே கூடாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. இடம் போதாவிட்டால் விளக்க வரியை வெட்டலாம். பெயரையும் பதிப்பையும் முழுதாக விட வேண்டும்.

மற்ற கருவிகள் கற்றுத்தந்தவை

ஆர்ச் லினக்ஸின் பேக்மேன், நிறுவும்போதே காரணத்தைப் பதிந்துவிடுகிறது. கேட்டு நிறுவியவை, சார்பாக வந்தவை, களஞ்சியத்தில் இல்லாதவை, யாருக்கும் தேவைப்படாதவை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து விருப்பம் உண்டு. மேக் கணினிகளில் பரவலான ஹோம்ப்ரூவில் 'லீவ்ஸ்' என்ற கட்டளை, வேறெதுவும் சாராத பேக்கேஜ்களை மட்டும் காட்டும். நீக்கலாமா என்று யோசிப்பவருக்கு அதுவே தொடங்குமிடம்.

என்பிஎம்மில் நடந்த மாற்றம் தனியே சொல்லத் தக்கது. பழைய பதிப்புகளில் 'என்பிஎம் எல்எஸ்' என்றால் சார்புகளின் மரம் முழுவதும் வேர் முதல் நுனி வரை கொட்டும். சிறிய திட்டத்துக்கே நூற்றுக்கணக்கான வரிகள் வரும். ஆழத்தைப் பூஜ்யமாக்கும் விருப்பத்தைச் சேர்த்துத்தான் பெரும்பாலோர் பயன்படுத்தினார்கள். 2020 அக்டோபரில் வந்த ஏழாம் பதிப்பு அந்த வழக்கத்தையே இயல்பாக்கியது: மேல்மட்டப் பேக்கேஜ்கள் மட்டும் தெரியும்; எல்லாம் வேண்டுமென்றால் '--ஆல்' என்று கேட்க வேண்டும். ஒரு கட்டளையோடு எல்லாரும் ஒரே விருப்பத்தைத் திரும்பத் திரும்பச் சேர்க்கிறார்கள் என்றால், அந்த விருப்பமே இயல்புநிலையாக இருந்திருக்க வேண்டும்.

மனிதருக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று

பட்டியலின் தோற்றத்தை மாற்றுவதில் பெரிய தடை, அதை நிரல்களும் படிப்பதுதான். ஒருவர் பத்தாண்டுக்கு முன் எழுதிய ஸ்கிரிப்ட், இரண்டாவது சொல்லைப் பதிப்பு என்று நம்பி வெட்டி எடுக்கும். அங்கே ஒரு தலைப்போ நிறமோ சேர்ந்தால் ஸ்கிரிப்ட் உடையும்.

பைத்தானின் பிப் இதைக் கடந்த விதம் நல்ல பாடம். முன்பு 'பிப் லிஸ்ட்' பெயரையும் அடைப்புக்குறிக்குள் பதிப்பையும் தந்தது. 2016 நவம்பரில் வந்த பிப் 9 அட்டவணை வடிவத்தையும் நிரல்கள் எளிதாகப் படிக்கும் ஜேசான் வடிவத்தையும் விருப்பங்களாகச் சேர்த்து, பழைய வடிவம் விரைவில் போகும் என்று எச்சரித்தது. 2018 ஏப்ரலில் வந்த பிப் 10 அட்டவணையை இயல்பாக்கியது. அறிவிப்பு, மாற்றுவழி, ஓராண்டுக்கு மேலான அவகாசம், அதன் பிறகே மாற்றம் என்ற வரிசையை அது விடாமல் பின்பற்றியது.

ஆப்ட் இன்னொரு வழியைத் தேர்ந்தது. அதன் வெளியீட்டை வேறொரு நிரலுக்கு அனுப்பினால், தன் கட்டளை இடைமுகம் நிலையானது இல்லை, ஸ்கிரிப்டுகளில் கவனமாகப் பயன்படுத்துங்கள் என்று எச்சரிக்கிறது. நிரல்களுக்கு 'டிபிகேஜி-கொயரி' இருக்கிறது. எந்தப் புலம் வேண்டும் என்று வடிவம் கொடுத்துக் கேட்கலாம். இந்தப் பிரிவினை இருந்ததால்தான், 2025-இல் வந்து டெபியன் 13-இல் இடம்பெற்ற ஆப்ட் 3.0 தன் முகத்தைத் தைரியமாக மாற்றிக்கொள்ள முடிந்தது. நிறுவப்போகும், நீக்கப்போகும் பேக்கேஜ்கள் இப்போது பத்திகளாக அடுக்கப்படுகின்றன. நீக்குபவை சிவப்பில், மற்றவை பச்சையில் வருகின்றன. நீண்ட வெளியீடு பக்கம் பக்கமாகப் புரட்டும் வகையில் தானே நிற்கிறது.

நிறத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் இருக்கிறார்கள். நிறம் சொல்லும் சேதியை எழுத்தும் சொல்ல வேண்டும்.

தமிழ் வரும்போது பத்திகள்

தமிழில் இயங்கும் பட்டியலுக்கு இன்னொரு கவனம் தேவை. டெபியனில் பேக்கேஜ் விளக்கங்களை மொழிபெயர்க்கத் தனித் திட்டமே உண்டு. விளக்கம் தமிழில் வந்தால் பத்திகள் கோணலாகும் வாய்ப்பு அதிகம். 'தமிழ்' என்ற சொல் கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் அது ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் என்பதால் மொத்தம் 15 பைட். பைட்டை எண்ணி இடைவெளி விடும் நிரல், மூன்றெழுத்துச் சொல்லைப் பதினைந்து இடம் பிடிப்பதாக நினைத்துவிடும். திரையில் எழுத்து பிடிக்கும் அகலத்தைக் கணக்கிட்டே பத்தி அமைக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு டெர்மினலும் தமிழ் உயிர்மெய்யை ஒவ்வொரு விதமாக வரைகிறது. எளிய தீர்வு ஒன்று உண்டு: ஆங்கில எழுத்தில் வரும் பெயர், பதிப்பு, அளவு ஆகியவற்றை முதலில் வைத்து, தமிழ் விளக்கத்தை வரியின் கடைசியில் வைப்பது. கடைசிப் பத்திக்குப் பின்னால் கோணலாக எதுவும் இல்லை.

ஒரே கணினி, பல பட்டியல்கள்

இன்றைய கணினியில் ஆப்ட் மட்டும் இல்லை. பைத்தான் நூலகங்கள் பிப் வழியாகவும், ஜாவாஸ்கிரிப்ட் கருவிகள் என்பிஎம் வழியாகவும், சில பயன்பாட்டு மென்பொருள்கள் ஃபிளாட்பேக் அல்லது ஸ்னாப் வழியாகவும் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் இருக்கிறது. ஒன்றின் பட்டியலில் மற்றொன்றின் சரக்கு தெரியாது. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல், இயங்குதளத்தின் பைத்தானுக்குள் பிப் நேராக நிறுவ மறுக்கிறது. இரண்டு மேனேஜர்கள் ஒரே இடத்தில் கை வைத்து ஒன்றையொன்று குலைப்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது.

அரசு அளவிலும் இந்தத் தேவை உணரப்பட்டிருக்கிறது. ஒரு மென்பொருளுக்குள் இருக்கும் பகுதிகளின் முழுப்பட்டியலை எப்படித் தயாரிப்பது என்ற வழிகாட்டுதலை இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வெளியிட்டது. நிறுவப்பட்டவற்றைச் சரியாகச் சொல்லும் கருவி இல்லாமல் அந்தப் பட்டியலை உண்மையாகத் தயாரிக்க முடியாது.

நல்ல பட்டியல் எப்படி இருக்கும்

மேலே சொன்னவற்றைத் தொகுத்தால் ஒரு வடிவம் கிடைக்கிறது. முதலில் ஒரு சுருக்க வரி: கேட்டு நிறுவியவை எத்தனை, சார்பாக வந்தவை எத்தனை, தேவையற்றுக் கிடப்பவை எத்தனை, அமைப்புக் கோப்பு மட்டும் மிச்சமிருப்பவை எத்தனை, மொத்த இடம் எவ்வளவு. அதன் கீழே கேட்டு நிறுவியவை மட்டும், வெட்டாத பெயரோடும் பதிப்போடும், அளவோடும், ஒரு வரி விளக்கத்தோடும் வர வேண்டும். எல்லாம் வேண்டுமென்றால் ஒரு விருப்பம். அளவு வாரியாக, தேதி வாரியாக, களஞ்சியம் வாரியாக அடுக்க ஒவ்வொரு விருப்பம். 'ஐஐ', 'ஆர்சி' போன்ற குறிகளுக்குப் பதிலாகச் சொற்கள். நிரல்களுக்கு மாறாத ஜேசான் வடிவம்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2020-இல் வந்த ஆப்ட் 2.0 முதல், 'ஆப்ட் லிஸ்ட்' கட்டளை தேர்வுக் குறிகளை ஏற்கிறது. '?அப்சலீட்' என்றால் எந்தக் களஞ்சியத்திலும் இல்லாதவை வரும். '?கார்பேஜ்' என்றால் தேவையற்றுப் போனவை. '?கான்ஃபிக்-ஃபைல்ஸ்' என்றால் மிச்சக் கோப்புகள் மட்டும் உள்ளவை. பழைய வெளியீட்டிலிருந்து புதியதற்கு மாற்றிய மடிக்கணினியில் முதல் குறி மிகவும் பயன்படும். இனிப் புதுப்பிப்பு வராத பேக்கேஜ்களை அது நேராகக் காட்டிக்கொடுக்கும்.

இந்தக் கருவிகள் எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். குறையைக் கண்டால் டெபியனின் பிழைப் பதிவேட்டுக்கு ஒரு மின்னஞ்சல் போதும். 'ரிப்போர்ட்பக்' என்ற கருவி அதை எழுத உதவும். 2023 செப்டம்பரில் டெபியனின் ஆண்டு மாநாடு கொச்சியில் நடந்தது. அந்த உலகம் அருகில்தான் இருக்கிறது. சென்னையின் லினக்ஸ் பயனர் குழுவும் கணியம் இதழும் தமிழிலேயே வழிகாட்டுகின்றன. திருநின்றவூரிலும் ஆவடியிலும் பொறியியல் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்பு தேடும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும். பேக்கேஜ் விளக்கங்களைத் தமிழாக்குங்கள். தமிழ் எழுத்தின் அகலத்தைச் சரியாகக் கணக்கிடும் ஒரு திருத்தத்தை எழுதி அனுப்புங்கள். பட்டியலைப் படிக்க முடிந்தவருக்கே கணினி முழுமையாகச் சொந்தமாகிறது; அந்தப் பட்டியலைப் படிக்கத் தக்கதாக்குவது நம் கைக்கு எட்டிய வேலை.